திரும்பி நடந்த கால்கள்

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நம் பழைய வீடு இருந்தது. காலங்காலமாக யாத்திரிகர் நடந்த பாதை அது. பாரத நாட்டின் வடகோடியிலிருந்து கால்நடையாகவே புறப்பட்ட துறவியர் பலர், நிலம் முடிந்து நீர் தொடங்கும் அந்த முனையைக் கண்டுவிட வேண்டும் என்னும் ஆவலோடு அவ்வழியே செல்வர். காவி உடை, தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு தடி, நீர் மொள்ள ஒரு கமண்டலம். இவ்வளவுதான் அவர்தம் உடைமை. சிறு வயதில் திண்ணையில் அமர்ந்து பாடம் படிக்கையில் அவர்களை எண்ணுவது நமக்கு ஒரு விளையாட்டு. எங்கிருந்து வருகின்றனர், எங்கே உண்பர், எங்கே உறங்குவர் என்றெல்லாம் நாம் நினைத்ததில்லை. வானத்தில் போகும் மேகங்களைப் போல அவர்களும் நமக்கு ஒரு காட்சியாக இருந்தனர்.

அந்தத் துறவியருள் ஒருவர் ஒருநாள் நம் வாசலில் வந்து நின்றார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியிருக்கிறோம். எழுதுகோலை எடுக்கும்போதெல்லாம் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இனியும் ஒத்திப்போடுவது நேர்மையாகாது.

1982ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய மாலை. அந்த ஆண்டை நம் மாவட்டத்தார் எளிதில் மறவார். மார்ச்சு மாதத்தில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம், ஒரே சந்தையில் மீன் விற்றும் காய் வாங்கியும் வாழ்ந்த மக்களை இரு கூறாகப் பிளந்திருந்தது. உயிர்கள் மடிந்தன. மாதங்கள் ஒன்பது கடந்தும் அச்சம் அகலவில்லை. காவியைக் கண்டால் நம்மவர்க்கு நெஞ்சு படபடத்தது. சிலுவையைக் கண்டு அவர்களுள் சிலர்க்கும் அவ்வாறே இருந்திருக்கும்.

குடிலுக்கு வைக்கோல் பரப்பி முடித்து, வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டி, அதனுள் விளக்கை ஏற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினோம். கீழே ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். காவி வேட்டி வெளுத்துப் போயிருந்தது. கால்களில் வெடிப்பு. நட்சத்திரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தத் திண்ணையில் இன்று இரவு படுத்துக்கொள்ளலாமா? விடிந்ததும் புறப்பட்டுவிடுவேன்" என்றார். மதுரைப் பக்கத்துத் தமிழ்.

"இது வேதக்காரர் வீடு, சாமி. உங்களுக்குச் சரிப்படாது" என்றோம்.

"தெரியும் தம்பி. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வந்தேன்."

அந்த மறுமொழி நம்மைச் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. கலவரமும் வதந்தியும் அண்டை வீட்டார் என்ன சொல்வர் என்ற எண்ணமுமே நெஞ்சை நிறைத்திருந்தன. "காலம் சரியில்லை சாமி, சுசீந்திரத்தில் சத்திரம் இருக்கும்" என்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. தலையை அசைத்தார். நட்சத்திரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு நடந்தார்.

உள்ளே சென்றதும் தாயார், "யாரப்பா வந்தது?" என்று கேட்டார்கள். "ஒரு சாமியார் அம்மா. அனுப்பியாகிவிட்டது" என்றோம். முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "நாளைக்கு யார் பிறக்கப் போகிறார் என்று நினைத்து நட்சத்திரம் கட்டினாய்?" என்று கேட்டார்கள். பின்பு வேறொன்றும் பேசவில்லை. வாழையிலையில் பத்து முந்திரிக்கொத்தைப் பொதிந்து நம் கையில் தந்தார்கள். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு சுசீந்திரம் வரை சென்றோம். சத்திரத்தில் அவர் இல்லை. தெப்பக்குளக் கரையில் இல்லை. பேருந்து நிறுத்தத்திலும் இல்லை. பொதி திரும்பி வந்தது. தாயார் அதைக் குடிலின் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டில் எவரும் அதைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நள்ளிரவுத் திருப்பலியில், சத்திரத்தில் இடமில்லாமற்போன செய்தியைப் பங்குத்தந்தை நற்செய்தியிலிருந்து வாசித்தார். ஆண்டுதோறும் கேட்ட வாசகந்தான். அன்று மட்டும் தலையை நிமிர்த்த இயலவில்லை.

நம் தாயார் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆயினும் இரவுச் செபமாலை முடிந்ததும் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்னும் நூலில் ஓரிரு பக்கங்கள் படிக்காமல் உறங்கமாட்டார்கள். அட்டை கிழிந்து, துணி ஒட்டிய பழம்பிரதி அது. ஜெர்மனியின் கெம்பன் என்னும் ஊரில் பிறந்து, 1471இல் மறைந்த தாமஸ் என்னும் துறவியின் பெயரால் வழங்கும் அந்நூல், திருவிவிலியத்துக்கு அடுத்தபடியாகக் கிறிஸ்தவ இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று. அது நம் வீட்டுச் சொத்து, நம் திருச்சபையின் சொத்து என்றே எண்ணியிருந்தோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்திருக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியராகிய இந்து நண்பர் ஒருவர், சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை வரலாற்றை நமக்குப் படிக்கத் தந்தார். ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது. 1888 முதல் 1893 வரை விவேகானந்தர் நாடெங்கும் அலைந்த ஆண்டுகளில், தடியும் கமண்டலமும் தவிர அவர் பையில் இரண்டு நூல்களே இருந்தன என்று எழுதியிருந்தது. ஒன்று பகவத் கீதை. மற்றது நம் தாயாரின் தலைமாட்டில் கிடந்த அதே நூல்! அதன் சில அதிகாரங்களை அவர் வங்க மொழியில் பெயர்த்து, முன்னுரையும் எழுதி, 1889இல் ஒரு திங்களிதழில் வெளியிட்டார் என்றும் இருந்தது.

நம் வாசலில் நின்ற முதியவரின் துணிப்பையில் என்ன இருந்ததோ, நாம் அறியோம். கேட்கவில்லையே!

அதன் பின் அவ்வரலாற்றை விடாமல் படித்தோம். இங்கே அவருடைய சொற்பொழிவுகளைப் பற்றியோ, தத்துவத்தைப் பற்றியோ எழுதப் புகவில்லை. அதற்குத் தகுதியுடையோர் பலர் உளர். வழிநடையில் அவருக்கு நேர்ந்த சிறுசிறு சந்திப்புகளே நம் உள்ளத்தைத் தைத்தன. அவற்றைத்தான் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1863 ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில் நல்ல வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர் நரேந்திரநாத தத்தர். 1886 ஆகஸ்டில் குருவாகிய இராமகிருஷ்ணர் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இளஞ்சீடர் சிலர் அந்த்பூர் என்னும் சிற்றூரில் கூடி, இரவில் நெருப்பு வளர்த்து, அதனைச் சுற்றி அமர்ந்து தியானித்தனர். தியானம் முடிந்ததும் நரேந்திரர் இயேசுவின் வாழ்வை எடுத்துரைத்தார். தலை சாய்க்க இடமற்ற அவரைப் போல நாமும் அனைத்தையும் துறப்போம் என்றார். அனைவரும் உறுதி பூண்டனர். அன்றைய இரவு கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவு என்பதைப் பிறகுதான் அவர்கள் உணர்ந்தனராம். இந்து இளைஞர் சிலர் துறவுக்கு உறுதி பூண்ட அதே இரவில்தான், தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின், நாம் நம் கதவை அடைத்தோம்.

அவருடைய வழிநடைச் சந்திப்புகளுள் முதலாவது 1888இல் பிருந்தாவனத்துக்குப் போகும் பாதையில் நிகழ்ந்தது. நெடுந்தூரம் நடந்த களைப்பு. வழியோரம் ஒரு மனிதன் அமர்ந்து புகைக்குழலை இழுத்துக்கொண்டிருந்தான். புகைக்கும் பழக்கம் சுவாமிக்கு உண்டு. தனக்கும் ஒருமுறை தருமாறு கேட்டார். அம்மனிதன் பதறி ஒதுங்கினான். தான் தோட்டி வேலை செய்யும் சாதியான் என்றான். சுவாமியின் கை தானாகவே பின்வாங்கியது. பேசாமல் நடந்துவிட்டார்.

சிறிது தூரம் சென்றதும் கால்கள் நின்றன. சாதியும் குலமும் குடும்பமும் அனைத்தையும் விட்டேன் என்று சபதம் எடுத்தவனல்லவா நான்? தோட்டி என்ற ஒரு சொல் கேட்டதும் எப்படி விலகினேன்? இவ்வாறு தம்மையே கேட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அம்மனிதனருகே அமர்ந்து, வேண்டிக் கேட்டு, அதே குழலை வாங்கிப் புகைத்துவிட்டே எழுந்தார்.

இதில் நாம் வியப்பது அவர் புகைத்ததையன்று. முதலில் அவர் நடந்து போனதைத் தாமே பிறர்க்குச் சொன்னதை. காவி உடுத்திய பின்னும் பழைய அழுக்கு உள்ளே கிடந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் உலகம் அறிந்திராது. அவர் பெருமையும் குறைந்திராது. நம் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொல்வதோடு, திரும்பி வருவதும் வேண்டும் என்று மறைக்கல்வியில் கற்றோம். தமிழில் அதற்கு 'மனந்திரும்புதல்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாழ்க! மனம் திரும்பியதன் அடையாளம் கால்கள் திரும்புவதே என்பதை அந்தப் பிருந்தாவனப் பாதை நமக்குக் காட்டுகிறது.

மற்றொன்று தாரிகாட் இரயில் நிலையத்தில் நடந்தது. கோடைக்காலம். சுவாமியிடம் காசு இல்லை. பணத்தைத் தொடுவதில்லை என்பது அவர் நோன்பு. யாரேனும் சீட்டு எடுத்துக் கொடுத்தால் வண்டியில் ஏறுவார். அன்று உண்ண ஒன்றும் இல்லை, குடிக்க நீரும் இல்லை. நிழற்கூரையின் கீழ் இடம் தராமையால் வெயிலில் தரையில் அமர்ந்திருந்தார். உடன் பயணம் செய்த வணிகர் ஒருவர் நிழலில் அமர்ந்து பூரியும் இலட்டும் உண்டவாறே, உழைக்காமல் துறவு பூண்டவனுக்குக் கிடைப்பது இதுதான் என்று எள்ளி நகையாடினார். சுவாமி வாய் திறக்கவில்லை.

அப்போது மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் உணவும் தண்ணீரும் பாயும் சுமந்துகொண்டு ஓடி வந்தார். நண்பகல் உணவுக்குப் பின் சற்றுக் கண்ணயர்ந்தபோது, தாம் வழிபடும் இராமர் கனவில் தோன்றி, பசித்திருக்கும் துறவிக்கு உணவு கொண்டு போகச் சொன்னதாகக் கூறினார். வெறும் கனவு என்று முதலில் புரண்டு படுத்தாராம். மீண்டும் தூண்டப்பட்ட பிறகே எழுந்து வந்தாராம். சுவாமியின் கண்கள் கலங்கின.

கனவைப் பற்றி ஆராய்வது நம் வேலையன்று. புனித சூசையப்பருக்கும் கனவிலேதான் கட்டளை வந்தது. அவர் எழுந்து புறப்பட்டார் என்பதே நற்செய்தியில் நம்மைக் கவர்கின்ற செய்தி. இந்த மிட்டாய்க் கடைக்காரரும் முதலில் புரண்டு படுத்தார், பின்பு எழுந்தார். இவரும் திரும்பியவரே. எள்ளிய வணிகருக்கும் இவருக்கும் வேறுபாடு அந்த ஓர் எழுச்சியில் இருக்கிறது.

1890இல் இமயமலைச் சாரலில் அல்மோராவை நெருங்குகையில் சுவாமி பசியால் மயங்கித் தரையில் சாய்ந்தார். உடன் வந்த துறவுத் தோழர் நீர் தேடிச் சென்றார். எதிரே ஒரு முகம்மதியர் இடுகாடு. அதைக் காத்துவந்த பக்கிரி ஒருவர் வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்து வந்தார். வாயில் ஊட்டிவிடுமாறு சுவாமி கேட்டார். தான் முஸ்லிம் ஆயிற்றே என்று அந்த ஏழை தயங்கினார். நாம் அனைவரும் உடன்பிறந்தாரே என்னும் பொருள்படச் சுவாமி மறுமொழி கூறி, அவர் கையாலேயே உண்டு உயிர் தெளிந்தார். 1897இல் புகழ் சூழ அதே அல்மோராவுக்கு அவர் திரும்பியபோது ஊரே திரண்டு வரவேற்றது. அக்கூட்டத்தில் ஒதுங்கி நின்ற அந்தப் பக்கிரியைச் சுவாமியே அடையாளம் கண்டு, அருகழைத்து, தம் உயிரைக் காத்தவர் என்று பிறர்க்குக் காட்டி, பணமும் கொடுத்தார். பக்கிரிக்கோ அவரை நினைவே இல்லை. கொடுத்தவர் மறந்துவிட்டார், பெற்றவர் மறக்கவில்லை. கொடுப்பதை நாம் நினைவில் வைத்துக்கொண்டு, பெற்றதை மறந்துவிடுகிறோமே என்று இப்பகுதியைப் படிக்கும்தோறும் எண்ணிக்கொள்வோம்.

இன்னொரு சந்திப்பு கேத்ரி மன்னர் அஜித் சிங்கின் இசை அவையில் நேர்ந்தது. ஆடற்கணிகை ஒருத்தி பாடவிருந்தாள். துறவி அங்கே அமர்தல் முறையன்று என்று சுவாமி எழுந்து போய்விட்டார். அப்பெண்ணின் உள்ளம் நொந்தது. கண்பார்வையற்றவர் என்று போற்றப்படும் பக்தகவி சூர்தாசரின் பாடலொன்றைப் பாடினாள். கோயில் சிலையிலுள்ள இரும்பையும் கொலைஞன் கத்தியிலுள்ள இரும்பையும் வேறுபடுத்தாமல் பொன்னாக்கும் பரிசவேதிக் கல்லைப் போல, இறைவன் குறை பாராது ஆட்கொள்ள வேண்டும் என்னும் கருத்துடையது அப்பாடல். இரவுக் காற்றில் அது சுவாமியின் செவியில் விழுந்தது. தம் துறவின் உயரத்திலிருந்து தாம் ஒருத்தியை இழிவாக நோக்கியது உறைத்தது. திரும்பி வந்து அவையில் அமர்ந்தார். அவளைத் தமக்குப் பாடம் கற்பித்தவளாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பரிசேயர் சீமோன் வீட்டு விருந்தில், நறுமணத் தைலத்தோடு வந்த பெண்ணைப் பார்த்து முகம் சுளித்தவர் எவர், வரவேற்றவர் எவர் என்று நாம் அறிவோம். நாம் சீமோனின் பக்கம் அமர்ந்திருந்த நாள்கள் எத்தனை!

இவ்வாறு அலைந்த சுவாமி 1892இன் பிற்பகுதியில் தென்னாட்டை நோக்கி வந்தார். கோவாவில் தங்கியபோது, இரஷோல் குருமடத்தில் சில நாள் இருந்து, அங்குள்ள இலத்தீன் ஏடுகளையும் இறையியல் நூல்களையும் ஆராய்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். காவியுடுத்த இளைஞர் ஒருவருக்கு அந்தக் குருமடத்தார் கதவைத் திறந்தார்கள் என்பதைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே உண்டாயின.

டிசம்பர் 13ஆம் நாள் திருவனந்தபுரம் வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தை அடைந்தார். கொச்சியிலிருந்து வழிகாட்டியாக உடன் வந்தவர் ஒரு முஸ்லிம் பணியாளர். சுவாமி வீட்டினுள் நுழைந்ததும் தம் உணவைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பணியாளருக்கு முதலில் உணவளிக்க வேண்டும் என்றார். இரண்டு நாளாகத் தாம் சிறிது பால் தவிர வேறொன்றும் உட்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. பேராசிரியரே இதனைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிருந்தாவனப் பாதையில் பின்வாங்கிய கை, நான்கே ஆண்டுகளில் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

அங்கிருந்து டிசம்பர் 22ஆம் நாள் புறப்பட்டுக் குமரி முனையை அடைந்தார். கடலினுள் இருக்கும் பாறையில் மூன்று நாள் தியானத்தில் அமர்ந்தார் என்பர். படகுக்குக் கொடுக்கக் காசில்லாமையால் நீந்தியே சென்றார் என்பது செவிவழிச் செய்தி. அந்நாள்கள் டிசம்பர் 25, 26, 27 என்று கூறுவர். அப்படியாயின், கரையிலே நம் மீனவ மக்கள் பாலன் பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், பையில் கீதையோடு கிறிஸ்துநாதர் அநுசாரமும் சுமந்து திரிந்த ஒருவர், அவர்கள் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே அமர்ந்திருந்தார். தியானத்தில் அவர் கண்டது வானுலகக் காட்சியன்று. நடந்து கடந்த ஊர்களின் பசித்த முகங்களையே அவர் எண்ணினார். பசித்தவனுக்குத் தத்துவம் போதிப்பது பேதைமை, ஏழைகளுக்குக் கல்வியும் வாழ்வும் தரத் துறவியர் ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உதித்ததாக, 1894 மார்ச்சில் சிகாகோவிலிருந்து எழுதிய மடலில் அவரே தெரிவிக்கிறார். 1897 மே முதல் நாள் இராமகிருஷ்ண மிஷன் தோன்றியதற்கு வித்து இது.

இதே பாறையைப் பற்றி 1960களின் தொடக்கத்தில் நம் பகுதியில் எழுந்த பூசலையும் இங்கே மறைக்க இயலாது. புனித சவேரியார் செபித்த பாறை என்று நம் மீனவ மக்கள் அதனைப் போற்றினர். விவேகானந்தர் தவமிருந்த பாறை என்று இந்து மக்கள் போற்றினர். சிலுவை நாட்டப்பட்டதும், அது அகற்றப்பட்டதும், மனங்கள் கசந்ததும் முதியோர் அறிந்தவை. 1970 செப்டம்பர் 2ஆம் நாள் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. எவர் பக்கம் நீதி என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழவில்லை. ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். கிழக்கே யப்பான் வரை சென்று, சீனத்தின் கரையருகே ஒரு தீவில் ஓலைக்குடிலில் உயிர்விட்ட சவேரியாருக்கோ, உடைமையே வேண்டாம் என்று அலைந்த விவேகானந்தருக்கோ ஒரு பாறை சொந்தமாகத் தேவைப்பட்டிருக்குமா?

சுவாமி கடல் கடந்த பின்னும் கதவுகள் அவரைச் சோதித்தன. 1893 செப்டம்பரில் சிகாகோ நகருக்கு வந்து சேர்ந்த இரவில், சர்வ சமயப் பேரவை அலுவலகத்தின் முகவரி தொலைந்துபோயிற்று. இரயில் நிலையத்துச் சரக்குப் பெட்டியொன்றில் குளிரில் உறங்கினார். காலையில், தம் நாட்டுத் துறவியர் வழக்கப்படி வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். கசங்கிய உடையைக் கண்டு பணியாளர் விரட்டினர். கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. அவை கிறிஸ்தவ நகரம் ஒன்றின் கதவுகள். சோர்ந்து வீதியோரம் அமர்ந்துவிட்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஹேல் அம்மையார் என்னும் கிறிஸ்தவப் பெருமாட்டி இறங்கி வந்து, நீங்கள் பேரவைக்கு வந்தவரா என்று கேட்டு, உள்ளே அழைத்து, உணவளித்து, தாமே உடன் சென்று உரிய இடத்தில் சேர்த்தார். செப்டம்பர் 11ஆம் நாள் பேரவையில் அவர் பேசிய பேச்சை உலகம் அறியும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் அம்மையாரின் காலை உணவு இருந்ததைப் பலர் அறியார்.

அவரை நம்மவராக ஆக்கிக்கொள்ள நாம் முயலவில்லை. கிறிஸ்துவை அவர் வணங்கினார். ஆயினும் திருச்சபை அறிக்கையிடுமாறு அறிக்கையிடவில்லை. மறைபரப்பாளர் சிலரைக் கடுமையாகச் சாடியும் இருக்கிறார். வேறுபாடு வேறுபாடாகவே இருக்கட்டும். ஆபிரகாம் மம்ரே மரத்தடியில் ஓடிச்சென்று வரவேற்றபோது, வந்த மூவரின் சமயத்தை விசாரிக்கவில்லையே! எம்மாவு வழியில் அந்நியராக வந்தவரை வற்புறுத்தித் தங்கவைத்த பின்புதான், அப்பம் பிட்கையில் சீடரின் கண்கள் திறந்தன. விருந்தோம்பல் முந்தியது; அறிதல் பிந்தியது.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உடைய எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட ஏடு கற்பிக்கிறது. அந்த ஏட்டைப் பற்றிப் பங்கின் படிப்பு வட்டத்தில் 1982 ஆகஸ்டில் நாமே உரையாற்றியிருந்தோம். கைதட்டலும் பெற்றோம். நான்கு மாதம் கழித்து, அதே நாவுதான், "உங்களுக்குச் சரிப்படாது" என்றது.

சுவாமி திரும்பி நடந்தபோது தோட்டி இன்னும் அங்கேயே அமர்ந்திருந்தான். நாம் மிதிவண்டியில் சுற்றி வந்தபோது அம்முதியவர் போய்விட்டிருந்தார். திரும்புவதற்கும் ஒரு காலம் உண்டு. அது சில அடிகளின் தொலைவுதான். அதைக் கடந்துவிட்டால், மன்னிப்புக் கேட்கவும் ஆள் கிடைப்பதில்லை.

தாயார் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆயின. துணி ஒட்டிய அந்நூல் இப்போது நம்மிடம் இருக்கிறது. பழைய வீடு இல்லை. நகருக்குள் சிறு வீடொன்றில் வாழ்கிறோம். ஆயினும் ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய மாலையிலும், முந்திரிக்கொத்துப் பொதி ஒன்று குடிலின் ஓரத்தில் இருக்கும். முதலில் வாசலுக்கு வருபவர் எவராயினும் அது அவருக்குரியது. ஓராண்டு அஞ்சற்காரர் வந்தார். ஓராண்டு குப்பை வாங்க வந்த பெண்மணி. சென்ற ஆண்டு, பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞன் ஒருவன், தண்ணீர் கேட்டு வந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னபோது, சிமெண்டு படிந்த தன் உடையைப் பார்த்துத் தயங்கினான். கையைப் பிடித்து அழைத்து வந்து அமர்த்தினோம். அவன் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவனுக்குத் தெரியாது. முந்திரிக்கொத்தை உண்டுகொண்டே, வாசலில் தொங்கிய நட்சத்திரத்தைக் காட்டிச் சிரித்தான்.

அம்முதியவருக்குப் பட்ட கடன் இதனால் தீர்ந்துவிட்டது என்று நாம் எண்ணவில்லை. அது அவருக்கே உரியது. அவரிடமே தீர்க்கப்பட வேண்டியது. மறுமையில் அவரை எங்கேனும் கண்டால், சாமி, திண்ணையில் வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று சொல்லும் பேற்றை இறைவன் நமக்கு அருள்வாராக. அல்லது, அவர் வாசலில் நாம் சென்று நிற்க நேர்ந்தால், அவர் நமக்குக் கதவைத் திறப்பாராக.